தர்சிகா செய்த கேம்

தர்சிகா இறந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு ஒரு சனிக்கிழமை முற்பகலில் வந்தது. மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டு, சந்தையில் அம்மா கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்க, நான் பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். எங்கள் பல்கலைக்கழக வகுப்பு வட்ஸ்அப் குழுவில் நிரோஜன் இரண்டு வரி போட்டிருந்தான். டெங்குக் காய்ச்சல், ஐந்தாம் நாள், இன்று விடிய. அதற்குக் கீழே ஒவ்வொருவராகக் கைகூப்பும் படத்தைப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இனி அவள் யாருக்கும் சொல்லமாட்டாள் என்றுதான் என் மனம் முதலில் சொன்னது. அழுகை பிறகு, அச்சுவேலிக்குத் திரும்பும் பஸ்ஸில் வந்தது. தர்சிகாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் இந்த மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டவர்கள் இப்படியொரு தொடக்கத்தை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த நிம்மதி எதற்காக வந்தது என்பதைச் சொல்லாமல் அவளைப் பற்றி உண்மையாக ஒரு வரியும் என்னால் எழுத முடியாது. அவளை அறிந்த நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நாங்கள் கணினி விஞ்ஞானம் படித்தவர்கள். இறுதி வருடத்தில் கேம் வடிவமைப்பை உயர்நிலைப் பாடமாக எடுக்கலாம் என்று அறிவித்தபோது, எடுத்தவர்கள் பன்னிரண்டு பேர்தான். மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தர்சிகாவின் அப்பா, "கம்பசில இப்ப விளையாடவோ விடுகினம்?" என்று கேட்டாராம். அவர் கொழும்புத்துறையில் மீன்பிடித் தொழில் செய்யும் கடலாளி. மகள் ஒரு வங்கியில் இருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தவர். மூன்று பேர் கொண்ட குழுக்களாக ஒரு முழு கேம் செய்து முடிக்க வேண்டும் என்றார்கள். நிரோஜன் நிரல் எழுதுவது, நான் படங்களும் உருவங்களும் செய்வது, தர்சிகா கேமை வடிவமைப்பது, ஒலி சேர்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்திருங்கள்.

கேமின் கதை அவளுடையது. கொழும்புத்துறைக் கரையில் கடல் வற்றும் நேரத்தில் ஒரு பெண், ஆழமில்லாத தண்ணீருக்குள் நடந்துபோய், கழிகள் நட்டுக் கட்டிய சிறகுவலையில் விழுந்ததை எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஏறுவதற்குள் கரைக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். சுடுவதற்கு யாரும் இல்லை, வெல்வதற்கு எதிரியும் இல்லை. நான் அச்சுவேலித் தோட்டக்காரரின் மகள். கடல் என்றால் எனக்குப் படத்தில் பார்த்த கடல்தான். மூன்று கிழமை மண்டை காய இருந்து, நுரை தள்ளும் அலைகளோடு ஒரு கடலைச் செய்துகொண்டு போய்க் காட்டினேன். தர்சிகா பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"உது என்னடி, திருகோணமலைக் கடலோ? எங்கடை கடலுக்கு அலை இல்லை. அது சத்தமில்லாமல் வரும், சத்தமில்லாமல் போகும்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். அடுத்த நாள் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, கணுக்கால் அளவு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தாள். நான் அந்த அலைகளை எல்லாம் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன்.

திரையில் நேரம் காட்டும் கடிகாரம் வைப்பதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. நிரோஜன் வைக்கவேண்டும் என்றான். விளையாடுபவருக்கு நேரம் போவது தெரியாவிட்டால் என்ன கேம் என்பது அவன் கேள்வி. தர்சிகா மறுத்தாள். தன் அப்பா ஒருநாளும் மணிக்கூடு பார்த்துக் கடலில் இறங்கியதில்லை, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காலுக்குத் தெரியும் என்றாள். அதை எப்படிக் கணினியில் காட்டுவது என்று கேட்டதற்கு, காட்டத் தேவையில்லை, கேட்கவைத்தால் போதும் என்றாள். கைப்பேசியைப் பொலித்தீன் பையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில், முழங்கால் தண்ணீரில், தொடையளவு தண்ணீரில் நடந்து நடந்து தன் காலடி ஒலியைப் பதிவு செய்தாள். விளையாடுபவர் அந்த ஒலியைக் கேட்டே திரும்பும் நேரத்தை அறியவேண்டும். நிரோஜன் முதல்முறை கேட்டதுமே தன் கடிகார நிரலை நீக்கிவிட்டான்.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். ஒரு கேமை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து விளையாட விட்டு, செய்தவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் முதல் விதி. எங்கள் விரிவுரையாளர் மிஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். விளையாடுபவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பிழை நம்முடையது என்பார். சரி என்று முதலில் என் மாமா வீட்டுக்குக் கொண்டுபோனோம். குடும்பமே விளையாடியது. கேமில் வரும் பெண் மூன்று முறை தண்ணீரில் மூழ்கினாள். மாமி தேத்தண்ணியோடு வந்து, நல்ல வடிவாயிருக்குப் பிள்ளையள் என்றார். மாமா எங்கள் படிப்பைப் பாராட்டினார். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு குறை வரவில்லை.

திரும்பி வரும் வழியில் தர்சிகாவுக்கு வந்த கோபத்தை நான் மறக்கமாட்டேன். அவர்கள் கேமைப் பற்றிச் சொல்லவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றாள். முகத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதன்பிறகு கேமை எங்கே கொண்டுபோனாலும் முதலில் இப்படிச் சொல்வாள்: "இது நான் செய்ததில்லை. என்னோடை படிக்கிற கௌசி எண்ட பிள்ளை செய்தது. அவ இஞ்சை இல்லை. என்ன பிழையெண்டு பயப்பிடாமல் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு பார்க்கவேண்டும். அங்கே இல்லாத கௌசிக்கு, அதாவது எனக்கு, விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. கொழும்புத்துறையில் கடல் தெரிந்தவர்கள் இருப்பதால் அவள் தன் உறவுகளிடமும் அயலாரிடமும்தான் பெரும்பாலும் பரீட்சித்தாள். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவாள். பெயர் எழுதமாட்டாள், ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்றுதான் இருக்கும். ஒரு திங்கட்கிழமை வந்தவள், பதிவுசெய்த காலடி ஒலி முழுவதும் பிழை என்று அறிவித்தாள். கடலுக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தால் சேற்றில் கிடக்கும் திருக்கை மீன் குத்திவிடும், ஆகவே தெரிந்தவர்கள் காலை நிலத்தோடு தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார்கள் என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். ஆள் ஏழு என்றாள். அவள் கரையிலேயே வளர்ந்தவள்தான், ஆனால் படிக்கிற பிள்ளை என்று வீட்டில் கடலுக்குள் இறங்க விட்டதில்லை. மறுநாளே திரும்பப் போய், காலை இழுத்து நடந்து எல்லா ஒலியையும் புதிதாகப் பதிந்துகொண்டு வந்தாள். சேறு கலங்கும் அந்த ஒலி வந்த பிறகுதான் கேமுக்கு உயிர் வந்தது.

வைவா என்ற வாய்மொழிப் பரீட்சைக்கு முதல் நாள் தர்சிகாவின் பெரியப்பா காலமானார். செத்தவீட்டை விட்டு அவளால் வர முடியவில்லை. அவளுடைய பகுதியைப் பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். நிரோஜன் முதலில் போய்த் தன் நிரலை விளக்கிவிட்டு வெளியே வந்துவிட்டான். நான் உள்ளே போனேன். கொழும்பிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர் காதுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கள் கேமை விளையாடினார். பாதி தூரம் போனவர் நின்றார். தண்ணீர் முழங்காலைத் தாண்டிய ஒலியைக் கேட்டிருக்கிறார். வலையை எட்டாமலே திரும்பிக் கரைக்கு வந்து சேர்ந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தான் பார்த்த மாணவர் வேலைகளில் இதைப்போல் ஒன்று இல்லை என்றார். இந்த ஒலியை யோசித்தது யார் என்று கேட்டார்.

நான்தான் என்று சொன்னேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நாக்குத் தவறியது என்று சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் காலை இழுத்து நடப்பது எப்படித் தெரியும் என்று அவர் அடுத்துக் கேட்டபோது, கரையில் உள்ள பெண்களிடம் பேசித் தெரிந்துகொண்டேன் என்று நிமிர்ந்து இருந்து பதில் சொன்னேன். அலைகள் இல்லாத கடலைச் செய்ய நான் எவ்வளவு பாடுபட்டேன், அதை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற எரிச்சல் அப்போது என்னிடம் இருந்தது. அது காரணம்தான், சாட்டு அல்ல. அந்த வருடத்தின் சிறந்த செயற்திட்டம் என்று எங்கள் கேமுக்குப் பரிசு கிடைத்தது. அறிவிப்பில் எண்ணமும் வடிவமைப்பும் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. தர்சிகாவுக்குத் தனியாக வைவா வைத்தபோது அவளிடம் ஒலிப்பதிவைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறார்கள். அந்தப் பரீட்சகரின் பரிந்துரையில் கொழும்பில் கேம் செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. இன்றுவரை அங்கேதான், வீட்டிலிருந்து வேலை செய்கிறேன்.

மிஸ் நிரோஜனிடம் என்னைப் பாராட்டிப் பேசியிருக்கிறார். அவன் அதைத் தர்சிகாவிடம் சொல்லிவிட்டு, இது எங்கள் இருவருக்கும் இடையிலானது என்று விட்டுவிட்டான். பெரியப்பாவின் எட்டாம் நாள் சடங்கு முடிந்த பின்பு அவள் கன்ரீனில் என்னைத் தேடி வந்து எதிரில் இருந்தாள். அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"பரவாயில்லை எண்டு நான் சொல்லமாட்டன் கௌசி. நீயே போய் மிஸ்ஸிட்டைச் சொல்லு. நான் போய்ச் சொன்னா ரெண்டு பெட்டையள் சண்டை பிடிக்கினம் எண்டுதான் நினைப்பினம்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் மிஸ்ஸின் அறை வாசல் வரை போனேன். உள்ளே வேறு மாணவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். பிறகு பெறுபேறு வந்தது, பிறகு வேலை வந்தது, பிறகு இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்தது. தர்சிகா யாழ்ப்பாணம் டவுனில் ஹோட்டல்களுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில் வேலைக்குப் போனாள். மூன்று வருடத்தில் இரண்டு தரம்தான் சந்தித்தோம். கடைசியாக நிரோஜனின் கலியாணத்தில் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தாள். மிஸ்ஸைக் கண்டனியோ என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டாள். அதன்பிறகு நான் அவளைக் கண்டது பெட்டியில் வைத்திருந்தபோதுதான்.

அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று இந்த மூன்று கிழமையாக யோசிக்கிறேன். பெருந்தன்மை என்று எழுதிவிட்டுப் போனால் எனக்கு வசதி. இறந்தவர்களைப் பற்றி அப்படித்தான் எழுதுவது வழக்கம். ஆனால் அவள் என்னை மன்னிக்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

போன கிழமை தர்சிகாவின் தமையன் சுதன் அண்ணை இந்த மலரில் வரும் வாழ்க்கைக் குறிப்பை எனக்கு அனுப்பி, எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "பல்கலைக்கழகத்தில் தன் தோழி செல்வி கௌசல்யா உருவாக்கிப் பரிசு பெற்ற கணினி விளையாட்டுக்கு உறுதுணையாக இருந்தார்." அவர் பொய் எழுதவில்லை. அந்த வீட்டில் தர்சிகா விளையாடக் கொடுத்தபோது ஒவ்வொருவரிடமும் கௌசி செய்தது என்றுதானே சொல்லியிருந்தாள். பரிசு அறிவிப்பிலும் என் பெயர்தானே இருந்தது. குறையை வெளியே எடுப்பதற்காக அவள் சொன்ன சின்னப் பொய்யும், புகழுக்காக நான் சொன்ன பெரிய பொய்யும் சேர்ந்து அவளை அவளுடைய சொந்த வீட்டிலேயே உதவிக்காரி ஆக்கிவிட்டன. அந்த வரி அப்படியே அச்சாகி ஊரெல்லாம் போகும்.

அடுத்த நாள் காலை கொழும்புத்துறைக்குப் போனேன். விறாந்தையில் தர்சிகாவின் அம்மா பாயில் இருந்தார். சுதன் அண்ணை கதிரை போட்டுத் தந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை. பாயில் இருந்து, இங்கே எழுதிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சுதன் அண்ணை சொன்னது என்னை இன்னும் கூசவைத்தது. அவர் என் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டார்.

"தங்கச்சி, உதை இப்ப எழுதி உமக்கு வேலையும் போயிடும். அவளும் வரப்போறதில்லை. அந்த வரியை எடுத்துவிடுவம், காணும்."

எடுத்துவிட்டால் போதாது அண்ணை என்றேன். அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்தால் என் பெயர்தான் அங்கே இருக்கும் என்றேன். அப்போதுதான் அம்மா முதன்முறையாக வாய் திறந்தார். எந்தக் கேம், அந்த வலைக்குப் போகிற பொம்பிளையின்ரையோ என்று கேட்டார். ஓம் அம்மா என்றேன்.

"அது நீர் செய்ததெண்டல்லோ அவள் சொன்னவள்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை விளக்கினேன். அம்மாவின் முகம் மாறிக்கொண்டே போனதைக் கண்டேன்.

"நான் சிரிச்சனான் பிள்ளை. இதைச் செய்த பெட்டை ஒருநாளும் கடலுக்கை கால் வைச்சிருக்கமாட்டாள், காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறாள், திருக்கை குத்திச் சாகப்போறாள் எண்டு சொல்லிச் சிரிச்சனான். பக்கத்திலை இருந்து ஒண்டும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தவள். என்ரை பிள்ளையின்ரை முகத்துக்கு நேரையெல்லோ சொல்லிப்போட்டன்."

ஆள் ஏழு யாரென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்க வந்தவள், அதை ஒரு தாயின் தலையில் இறக்கிவிட்டேன். வராமலே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"பிறகு அவள் அதைத் திருத்தினவளோ?"

"ஓம் அம்மா. அடுத்த நாளே திருத்தினவள். நீங்கள் சொன்ன அந்த ஒண்டுக்குத்தான் பரிசே கிடைச்சது."

மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போனை அம்மாவின் காதில் மாட்டிவிட்டேன். திரையை அவர் அதிகம் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அது அவளுடைய கால்தானா என்று ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார். நான் எழும்பிப் புறப்படும்போது, எழுதும், பிள்ளை என்றார். தான் குறை சொன்னதையும் மறக்காமல் எழுதச் சொன்னார்.

எழுதிவிட்டேன். இதன் பிரதியை எங்கள் மிஸ்ஸுக்கும், நான் வேலை செய்யும் நிறுவனத்தின் தலைவருக்கும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் இன்னும் பதில் வரவில்லை. வேலை போகலாம். அந்த வேலை போனால் வேறு எதைச் சொல்லி வேலை கேட்பேன் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பின் அந்த வரியைச் சுதன் அண்ணை மாற்றிவிட்டார். இந்த மலரின் மூன்றாம் பக்கத்தில், அந்தக் கேமை எண்ணி வடிவமைத்தவர் செல்வி தர்சிகா என்று இருக்கும்.

அவளிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்துப் பார்த்தேன். கேம் அவளுடையது. ஒலி அவளுடையது. பரிசும் அவளுடையது. கூடச் சிரித்த நாட்களை என்னுடையது என்று சொல்லும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். அவளுடைய கோபம் ஒன்றுதான் மிச்சம். மூன்று வருடம் அதை வேறு ஒருவருக்கும் பங்கு கொடுக்காமல் எனக்கென்றே வைத்திருந்தாள். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.